நாக்க இஸ்க்கணும் சார்: போர்தோ வைனும் பாலாற்றங்கரை ஆவாரம் பட்டையும்

1/
ஒரு சின்ன பரிசோதனை செய்து பாருங்க மக்களே. நாட்டு மருந்துக் கடையில் ரெண்டு ரூபாய்க்கு கடுக்காய் வாங்கி, ஒரு துணுக்கை வாயில் போட்டு மெல்லுங்க. கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டு, கன்னத்தின் உள்பக்கம் சொரசொரன்னு ஆகி, ஏதோ உள்ளே இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அதுதான் துவர்ப்பு.

இந்த ஒரு உணர்வை வைத்துதான் பிரான்ஸில் ஒரு பாட்டில் வைன் இருபது வருஷம் தாங்குமா தாங்காதான்னு முடிவு செய்யறாங்க. இதே உணர்வைத் தரும் பொருளை வைத்துதான் நம்ம வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்கள் பணம் பார்த்தன. ரெண்டையும் சேர்த்துத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. டீயை எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
முதல்ல ஒரு டிஸ்கிளைமர். இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. "தினமும் கொஞ்சம் ரெட் வைன் இதயத்துக்கு நல்லது டாக்டர்"னு இன்னும் பேர் வந்து சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: பாதுகாப்பான அளவு மது என்று ஒன்று கிடையாது. வைனும் அதில் சேர்த்திதான். நான் பேசப் போவது வைனில் இருக்கும் டேனின் என்ற பொருளைப் பற்றி. போதையைப் பற்றி இல்லை.

3/
இது எனக்குள் ஆரம்பித்தது ஒரு நோயாளியிடமிருந்து. வேலூர் பக்கம் நான் வேலை பார்த்த காலம். காலில் ஆறாத புண்ணோடு ஒரு வயசான ஐயா வந்தார். சின்ன வயசிலேயே தோல் கம்பெனியில் சேர்ந்தவர். விரல் நகமெல்லாம் பழுப்பு ஏறிப்போயிருந்தது. டிரெஸ்ஸிங் பண்ணும்போது பேச்சுக் கொடுத்தேன். "தொட்டியில இருக்கிற பட்டைத் தண்ணி இன்னும் வேலை செய்யுதா, தீர்ந்துபோச்சான்னு எப்படி ஐயா கண்டுபிடிப்பீங்க?"

மனுஷன் சிரிச்சுட்டார். விரலைத் தண்ணியில் முக்குவது போல ஜாடை காட்டி, நாக்கில் வைத்துக் காட்டினார். "நாக்க இஸ்க்கணும் சார். இஸ்க்கலன்னா பட்ட செத்துப்போச்சு."

4/
பல வருஷம் கழித்து ஒரு கான்ஃபரன்ஸுக்காக போர்தோ போயிருந்தேன். சுற்றிக் காட்டறோம்னு ஒரு வைன் நிலவறைக்குக் கூட்டிப் போனாங்க. வரிசையா ஓக் மரப் பீப்பாய்கள். முந்தின வருஷ அறுவடை, இன்னும் பாட்டிலில் அடைக்காதது. அங்கிருந்த பெரியவர் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து எல்லார் கிளாஸிலும் விட்டார். வாயில் வைத்து, சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்பச் சொன்னார். துப்பினேன். வாய் முழுக்கக் கடுக்காய்!

அவர் தன் கன்னத்தைத் தொட்டு, உள்ளே இழுக்கிற மாதிரி ஜாடை காட்டினார். எனக்கு அந்த ஐயாதான் ஞாபகத்துக்கு வந்தார். அதே ஜாடை.

5/
இப்போ கொஞ்சம் மெடிக்கல். நம்ம மரபில் அறுசுவையில் துவர்ப்பும் ஒண்ணு. நவீன அறிவியலின் அடிப்படைச் சுவைப் பட்டியலில் துவர்ப்பு கிடையாது. ஏன்னா அது பெரும்பாலும் தொடு உணர்வு. எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் இருக்கு. வாய் வழவழப்பா இருக்க இவையும் ஒரு காரணம். டேனின் உள்ளே வந்ததும் இந்தப் புரதங்களைப் பிடித்துக் கட்டி, திரிதிரியா ஆக்கிவிடும. வழவழப்பு போகும், நாக்கும் கன்னமும் உரசும். அந்த உரசலைத்தான் "இழுக்குது"ன்னு சொல்றோம்.

6/
சரி, மாட்டுத் தோலில் என்ன நடக்குது? தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அதிலும் புரோலின் ஏராளம். பச்சைத் தோலை அப்படியே விட்டால் பாக்டீரியா தின்று அழுகிவிடும். ஆவாரம் பட்டைத் தண்ணியில் ஊறவைத்தால் டேனின் உள்ளே இறங்கி கொலாஜன் இழைகளைக் கட்டிவிடும். பிறகு பாக்டீரியாவால் அதைச் சுலபமா ஜீரணிக்க முடியாது. அப்போ அது தோல் இல்லை, லெதர்.

அதாவது வைன் ருசி பார்க்கிறவர் வாயில் சில விநாடி நடப்பதும், ஆம்பூர் தொட்டியில் சில வாரம் நடந்ததும் ஒரே வேதியியல். பட்டையில் எவ்வளவு டேனின் இருக்குன்னு அளக்க ஆய்வகத்தில் என்ன பயன்படுத்தினாங்க தெரியுமா? பொடியாக்கிய தோல். டேனினைப் பிடிக்கத் தோலையே போடறது. ஐயா அதுக்கு நாக்கைப் பயன்படுத்தினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

7/
தமிழ்ல ஒரு அழகான விஷயம். "துவர்" என்றால் துவர்ப்பு. "துவர்" என்றால் சிவப்பும்தான். புத்த பிக்குகளின் காவி உடைக்குத் துவராடைன்னு பேர். சாயம் தரும் பட்டையும், நாக்கை இழுக்கும் சுவையும் ஒண்ணாவே வருவதைப் பார்த்துப் பழகிய மொழி நம்மோடது. சிவப்பு வைன் ரெண்டு அர்த்தத்திலும் துவர்.

8/
இளம் ரெட் வைனை எப்படி மதிப்பிடறாங்க? போர்தோவில் அறுவடை முடிந்து ஆறு மாசம் போல ஆனதும், வசந்த காலத்தில் பீப்பாயிலிருந்தே ருசி பார்க்கிற வழக்கம் இருக்கு. பாட்டில் கைக்கு வர இன்னும் ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும். அதற்கு முன்னாடியே விலை பேசி முடிந்துவிடும்.

முதலில் நிறம். இளசு கருஞ்சிவப்பு, ஓரத்தில் நாவல்பழ ஊதா. வயசானால் ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறும்.
அடுத்தது வாசனை. பழம் எவ்வளவு, பீப்பாய் மரம் எவ்வளவு.
கடைசியா வாய். புளிப்பு, பழச்சுவை, துவர்ப்பு மூணும் ஒன்றையொன்று தாங்குதா? துப்பிய பிறகு எது, எவ்வளவு நேரம் நிற்குது? துவர்ப்பு பட்டு மாதிரியா, உப்புத்தாள் மாதிரியா?

9/
இங்கே கவனிக்க வேண்டியது: "இப்போ நல்லா இருக்கா?" என்பது கேள்வியே இல்லை. இப்போ நல்லா இருக்காது! கேபர்னே சோவிஞோன் திராட்சை சின்னது, தோல் தடிமன். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் டேனின் கொட்டும். வருஷம் ஆக ஆக அந்த டேனின் நிறமிகளோடு சேர்ந்து மாறி, ஒரு பகுதி வண்டலா அடியில் தங்கும். அப்புறம்தான் வைன் மெத்துன்னு ஆகும். சீக்கிரம் கொஞ்சம் மென்மையாக்க பீப்பாய்க்கு நாலைந்து முட்டையின் வெள்ளைக்கரு அடித்து ஊற்றுவாங்க. முட்டைப் புரதத்தை டேனின் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். இங்கேயும் அதே கதைதான்: டேனினுக்குப் புரதம் வேணும்.

ஆக கேள்வி: "இருபது வருஷம் கழிச்சு இது என்னவா ஆகும்?" எங்க மருத்துவத்தில் இதுக்குப் பேர் புரோக்னோசிஸ். நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்வது.

10/
அதுல தப்பும் நடக்கும். 1975 போர்தோ அறுவடையில் துவர்ப்பு பலமா இருந்தது, நீண்ட காலம் வாழும்னு பெரிய நம்பிக்கை வைத்தாங்க. பல வைன்களில் பழச்சுவை வற்றிப்போன பிறகும் துவர்ப்பு மட்டும் மிச்சம் நின்றது. 1982-ல் நேர் எதிர். இளசிலேயே இவ்வளவு மென்மையா, பழுத்து இருக்கே, தாங்காதுன்னு சிலர் சந்தேகப்பட்டாங்க. ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர் இது மகத்தானதுன்னு எழுதினார். காலம் அவர் பக்கம் நின்றது, அவர் பேரும் உலகம் பூரா பரவியது. நாக்கை வைத்து எதிர்காலம் சொன்ன மனுஷனுக்கு அவ்வளவு மரியாதை. இதை மனசுல வச்சுக்கோங்க.

11/
இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தோல் தொழில் ஏன் பாலாற்றங்கரையில் வேரூன்றியது? வறண்ட நிலத்தில் ஆவாரை தானா வளரும். ஜவ்வாது மலையில் கடுக்காய் கிடைக்கும். பாலாற்று மணலைத் தோண்டினால் தண்ணி ஊறும். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது. அப்புறம் பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியா நீண்டது. சரக்கு நேரா சென்னைத் துறைமுகத்துக்குப் போனது. முதல் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர்களின் முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள். தொட்டியில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள்.

12/
வேலை முறை இதுதான். உப்புத் தோலைக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடி எடுக்கணும். ஒட்டியிருக்கும் சதையை வழிக்கணும். அப்புறம் ஆவாரம் பட்டைத் தொட்டி. அந்தப் பட்டையில் நூற்றுக்குப் பதினஞ்சு, இருபது பங்கு டேனின். பழைய தண்ணியிலிருந்து புதுத் தண்ணிக்கு, வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போடணும். கடைசியில் கடுக்காய்த் தண்ணி, எண்ணெய், நிழலில் உலர்த்தல். எடுத்ததும் உரமான தண்ணியில் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகி, நடுவில் பச்சையாவே நின்றுவிடும். அவசரமே ஆகாத வேலை.

இப்படிப் பாதி பதனிட்ட தோல் "ஈஸ்ட் இந்தியா" தோல் என்ற பேரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலா ஆனதில் நம்ம மாகாணத்துச் சரக்கு பெரும்பங்கு.

13/
லண்டனில் ஏலம் எடுத்தவரின் கணக்குப் புத்தகம் இருக்கும். ஏற்றுமதி செய்தவரின் பேர் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருக்கும். தொட்டித் தண்ணியை நாக்கில் வைத்து "இன்னும் ரெண்டு நாள்", "பட்டை மாத்து"ன்னு முடிவு சொன்ன ஆளின் பேர் எந்தப் புத்தகத்தில் இருக்கு? போர்தோவில் இதே திறமைக்குப் பேர் நிபுணத்துவம். இங்கே அதே திறமை இருந்தவரை, கை நாறுதுன்னு தள்ளி நிற்கச் சொன்னோம்.

14/
அவசரம் எப்போ உள்ளே வந்தது? இதுவும் பிரான்ஸில்தான் ஆரம்பம். ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையில் தோல் பதனிட மாசக்கணக்கு, சில வகைக்கு ஒரு வருஷத்துக்கும் மேல ஆகும். புரட்சி நேரம், படைக்கு பூட்ஸ் பத்தலை. 1795-ல் அர்மான் செகன் என்ற வேதியியலாளர் காலத்தைச் சுருக்க வழி சொன்னார். 1803-ல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன காசுக்கட்டியை ஆராய்ந்து அதில் டேனின் நிறைய இருப்பதைக் காட்டினார். ஆமாம், நம்ம வெத்தலையோடு போடும் காசுக்கட்டியேதான்.

ஆனா உண்மையான வேகம் வந்தது குரோமியத்தில். 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிந்தது.

15/
சென்னைக்கு அது சீக்கிரமே வந்தது. 1903-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் கலைப் பள்ளியில் குரோம் பதனிடலைச் சோதித்துப் பார்த்தார். நோக்கம் நல்லதுதான். கமலை இறைக்கும் தோல் சால் தண்ணியில் சீக்கிரம் அழுகும், குரோம் தோல் தாங்கும். அடுத்த பத்து வருஷத்துக்குள் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டைன்னு ஒரு ஊருக்கே பேர் வந்தது இப்படித்தான்.

16/
ஆனாலும் நம்ம பெல்ட்டில் ரொம்ப காலம் பட்டைதான் ராஜா. நடுவில் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் வந்து சேர்ந்தது. 1970-களில் கதை மாறியது. பாதி பதனிட்ட தோலை அனுப்பினால் லாபம் வெளிநாட்டுக்காரனுக்குப் போகுது, முழுசா முடித்த தோலும் செருப்புமா அனுப்புவோம்னு சீதாராமையா கமிட்டி சொன்னது. அரசு ஏற்றுக்கொண்டது. நியாயமான யோசனை. வேலை வந்தது, ஷூ ஃபேக்டரிகள் வந்தன, ஆயிரக்கணக்கான பெண்கள் கைக்கு மாதச் சம்பளம் வந்தது. இதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனா கூடவே குரோமும், அதிக ரசாயனமும், அதிக தண்ணியும் வந்தது.

17/
உடனே "அப்போ பட்டைதான் நல்லது, குரோம்தான் வில்லன்"னு முடிவு கட்டாதீங்க. பட்டைக் கழிவும் ஆற்றின் ஆக்சிஜனைத் தின்னும். தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்புதான் பாலாற்றுக் கிணறுகளை உவராக்கியதில் பெரிய பங்கு. அது ரெண்டு முறையிலும் உண்டு. முடி எடுக்கும் சல்ஃபைடும் அப்படித்தான். பதனிடப் பயன்படும் மூவிணைய குரோமியத்தைவிட ஆறிணைய குரோமியம் பல மடங்கு ஆபத்து, அது புற்றுநோயும் வரவழைக்கும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அது இந்த ரெண்டாவது வகை.

18/
டாக்டரா நாங்க பார்ப்பது இது. கைவிரலில் குழி விழுந்த குரோம் புண். வருஷக்கணக்கில் விடாத தோல் அலர்ஜி. மூச்சிரைப்பு. இதெல்லாம் கூட மெதுவா வரும். உடனே கொல்வது தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. ஒருத்தர் விழுந்தார்னு காப்பாற்ற இறங்கும் இன்னொருத்தரும் விழுவார். தயவுசெய்து, கழிவுத் தொட்டியில் யாரும் இறங்காதீங்க, இறங்கவும் விடாதீங்க.

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூக்கத்தில் இருந்த தொழிலாளிகள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தாங்க. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவங்க.

19/
இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தியும் இருக்கு. வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்தது. "மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும்", "கெடுதல் வரும்னு தெரிந்தால் முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்காமல் தடுக்கணும்" என்ற ரெண்டு கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதின்னு அறிவித்தது. இந்தியா முழுக்க சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்னைக்கும் மேற்கோள் காட்டறது நம்ம வேலூர் வழக்கைத்தான். 2025 ஜனவரியில் இதே பாலாறு விஷயமா உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. அதிலிருந்தே மிச்ச வேலை எவ்வளவுன்னு புரிந்துக்கோங்க.

20/
அந்த ரெண்டாவது கொள்கையை இன்னொரு தடவை படிங்க. "இப்போ எப்படி இருக்குன்னு பார்க்காதே, பின்னாடி என்னவா ஆகும்னு பார்." பீப்பாய் பக்கத்தில் நின்ற அந்தப் பெரியவர் செய்தது அதுதான். பட்டைத் தொட்டிப் பக்கத்தில் நம்ம ஐயா செய்ததும் அதுதான். வார்டில் நாங்க செய்ய முயல்வதும் அதுதான். ஒரு பாட்டில் வைனுக்கு இருபது வருஷம் முன்னோக்கிப் பார்க்கிற பொறுமை மனுஷனுக்கு இருக்கு. ஒரு ஆற்றுக்கு அந்தப் பொறுமையை நாம காட்டலை. லாபம் இளசிலேயே இனிச்சது, ருசி பார்த்தோம், விழுங்கிட்டோம். துவர்ப்பு பின்னாடிதான் தெரிந்தது. அதையும் விழுங்கியது வேற ஆளுங்க.

21/
முடிக்கும் முன் மூணு வேண்டுகோள்.

ஒண்ணு: டேனரியில் வேலை செய்பவரா? கையுறை, பூட்ஸ் இல்லாமல் வேலை செய்யாதீங்க. ஆறாத புண்ணோ, விடாத அரிப்போ இருந்தால் டாக்டரிடம் போய் என்ன வேலைன்னு முதல்லயே சொல்லுங்க.

ரெண்டு: உங்க ஊருக்குப் புதுசா ஒரு ஆலை வருதா? எத்தனை பேருக்கு வேலைன்னு கேளுங்க, தப்பில்லை. கூடவே இருபது வருஷம் கழிச்சு கிணறு எப்படி இருக்கும்னும் கேளுங்க.

மூணு: உங்க தாத்தாவோ அப்பாவோ பட்டைத் தொட்டியில் வேலை செய்தவரா? அவங்களுக்குத் தெரிந்ததைப் போனில் பதிவு பண்ணி வைங்க. ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, இன்னும் திருச்சி, திண்டுக்கல் பக்கம் அந்த வேலை கொஞ்சம் நடக்குது. சரக்குக்குப் பேர் கிடைச்சுடுச்சு. கைக்கும் நாக்குக்கும் இன்னும் கிடைக்கலை.

22/
அந்த ஐயாவின் புண் ஆற நாலு மாசம் ஆச்சு. கடைசி நாள் கட்டு பிரிக்கும்போது, "இவ்ளோ நாள் ஆயிடுச்சே ஐயா, சலிச்சுப் போச்சா?"ன்னு கேட்டேன். "அதது ஊற வேண்டிய நாள் ஊறணும் சார்"னு சொல்லிட்டு செருப்பை மாட்டிட்டுப் போனார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை மக்கள் இருந்தால் உங்க வீட்டுத் தொட்டிக் கதைகளை கீழே எழுதுங்க. ஒவ்வொண்ணையும் படிப்பேன்.